குரு இல்லாமல் வாட்டர்கலர்: மாட்டுங்காவில் மூன்று வருஷம்

முதல் எட்டு மாதம் சுத்த வேஸ்ட். யூடியூபில் ஒருத்தர் ஒரே இழுப்பில் வானம் போடுவார். எனக்கு அதே வானம் திட்டுத் திட்டாக வரும். கைதான் சரியில்லை என்று பிரஷ்ஷை மாற்றினேன், ட்யூபை மாற்றினேன். கோளாறு பேப்பரில். நான் வரைந்துகொண்டிருந்தது சாதாரண டிராயிங் நோட்டு.

ஒருநாள் மனசைத் தேற்றிக்கொண்டு 300 ஜிஎஸ்எம் கனத்தில், முழுக்கக் காட்டன் தாள் ஒன்று வாங்கி, நான்காக வெட்டி உட்கார்ந்தேன். ஈரம் உடனே காயவில்லை. நீலத்தை அப்படியும் இப்படியும் நகர்த்த நேரம் கிடைத்தது. எட்டு மாதம் வராத வானம் அன்று வந்தது. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் பெயின்டில் மிச்சம் பிடியுங்கள், பேப்பரில் வேண்டாம்.

ஆனால் மும்பை மழை அந்த நல்ல தாளையும் விடவில்லை. ஜூலையில் அலமாரியிலிருந்து எடுத்த தாளில் பிரஷ் வைத்த இடமெல்லாம் குபுக்கென்று உறிஞ்சிக்கொண்டது. வேட்டிக்குக் கஞ்சி மாதிரி தாளுக்கும் ஒரு பசை ஏற்றியிருப்பார்கள். ஈரக்காற்றில் கிடந்தால் அது செத்துவிடும். இப்போது என் தாள்கள் அரிசி டப்பாவில், சிலிகா ஜெல் பொட்டலங்களோடு. (அரிசி எங்கே என்று அம்மா இன்னும் கேட்கிறார்.)

மழைக்காலத்தில் ஒரு வாஷ், அதாவது தண்ணீராகப் பூசிய ஒரு நிறப் பூச்சு, காய்வதற்குள் பொறுமை போய்விடும். பாதி காய்ந்ததில் ஈர பிரஷ்ஷை வைத்தால் தண்ணீர் நிறத்தை ஓரத்துக்குத் தள்ளி காலிஃப்ளவர் மாதிரி பூத்துவிடும். எழுந்து காபி போடப் போய்விடுவேன். அதுதான் ஒரே வழி.

24 நிறப் பெட்டியில் இன்று புழங்குவது ஆறு. அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் சியன்னா பழுப்பும் கலந்தால், பக்கத்து ஏரியா சயானின் மழை மேகம் அப்படியே வரும். கறுப்பு ட்யூபைத் திறந்து ஒரு வருஷம் ஆகிறது. ட்யூபின் பின்னால் பிபி29 (PB29, அல்ட்ராமரீன் நீலத்தின் எண்) மாதிரி ஒரே ஒரு பிக்மென்ட், அதாவது நிறப்பொடி, எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டு மூன்று பிக்மென்ட் சேர்ந்த பச்சையில் இன்னொரு நிறத்தைக் கலந்தால் பெரும்பாலும் சேறுதான்.

வாத்தியார் இல்லாததன் நஷ்டம் மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவில்தான் தெரிந்தது. வாக்கிங் வந்த மாமா ஒருவர் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, எல்லா மரமும் ஒரே தூரத்துல நிக்கறதே?" என்றார். சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து போனில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தேன். முன்மரம், பின்மரம், சுவர் எல்லாம் ஒரே சாம்பல். ஒரு வருஷமாக இதே தப்பு. சொல்ல ஆள் இல்லை. இப்போது வரைவதற்கு முன் பென்சிலில் வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்றாகப் பிரித்துக் குட்டியாக ஒன்று போட்டுப் பார்த்துவிடுகிறேன்.

மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் வருகிறார். போன வாரம் குறை ஒன்றும் சொல்லவில்லை. பேப்பர் என்ன விலை என்று மட்டும் கேட்டார்; சொன்னேன். கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.