எஃப்.டி. கார்டு: சிபில் அடிபட்டவர்களுக்கு உதவுமா?

கொரோனாவில் கடை மூடிக் கிடந்தபோது பர்சனல் லோன் தவணை நின்றுபோய், கடைசியில் ஒரு தொகை பேசி செட்டில்மெண்ட் முடித்தவர்களில் நானும் ஒருவன். அதற்கப்புறம் நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் ரிப்போர்ட்டில் 'செட்டில்டு', அதாவது முழுசாகக் கட்டாமல் பேசி முடித்தது என்று ஏறிவிடும். பைக் லோனுக்குப் போனால்கூட கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு "சொல்றோம் சார்" என்று அனுப்பிவிடுவார்கள். சாதாரண கிரெடிட் கார்டை மறந்துவிட வேண்டியதுதான். மிச்சம் இருக்கிற வழிகளில் உருப்படியானது எஃப்.டி. கார்டு, அதாவது ஃபிக்ஸட் டெபாசிட்டை ஈடாக வைத்து வாங்கும் கிரெடிட் கார்டு. ஒரு தனியார் வங்கியில் எடுத்தேன்.

விஷயம் எளிது. நாம் டெபாசிட் போட வேண்டும், வங்கி அதன் மேல் லியன் போட்டுக்கொண்டு, அதாவது நாம் எடுக்க முடியாதபடி பிடித்து வைத்துக்கொண்டு, ஒரு லிமிட் தரும். நான் போட்டது 25,000, கிடைத்த லிமிட் 20,000. சம்பளச் சீட்டு, வருமான வரி ரிட்டர்ன் எதுவும் கேட்கவில்லை, ஆண்டுக் கட்டணமும் இல்லை, டெபாசிட்டுக்கு வட்டி பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும். ஆனால் கிளையில் போய்க் கேட்டால் அப்படி ஒரு கார்டே இல்லை என்கிறார்கள், கூடவே ஒரு இன்சூரன்ஸ் பாலிசியை நீட்டுகிறார்கள். ஆப்பிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

எனக்குச் சுத்தமாகப் பிடிக்காதது வட்டி. நம் பணம் அவர்கள் கையிலேயே இருக்கிறது, வங்கிக்கு ரிஸ்க் என்று பெரிதாக எதுவும் கிடையாது, அப்படியும் பில்லில் பாக்கி வைத்தால் மற்ற கார்டுகளைப் போலவே மாதம் மூன்றரை சதவீதம், வருடக் கணக்கில் நாற்பதைத் தாண்டிவிடும். 'மினிமம் டியூ' என்று பில்லில் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் மீதிக்கு மட்டுமல்ல, புதிதாக வாங்குவதற்கும் அன்றிலிருந்தே வட்டி ஓடும். ஏ.டி.எம்.மில் பணம் எடுக்கவே கூடாது. அதனால் கரண்ட் பில், சிலிண்டர், பெட்ரோல் இவ்வளவுதான் இதில் போடுகிறேன், லிமிட்டில் முப்பது சதவீதத்தைத் தாண்டாமல். முழு பில்லுக்கும் ஆட்டோ டெபிட்.

பலன் தெரியுமா என்றால், தெரிகிறது, ஆனால் மெதுவாக. ரிப்போர்ட்டில் ஒவ்வொரு கணக்குக்கும் கீழே மாத வாரியாகக் குட்டிக் குட்டிக் கட்டங்கள் இருக்கும். பழைய லோனில் 030, 060, 090 என்று எத்தனை நாள் தாமதம் என்பது ஏறியிருக்கும், புதுக் கார்டில் வரிசையாக 000. அந்த சைபர்களைச் சேர்க்கத்தான் இந்தக் கார்டு, ரிவார்டு பாயிண்டை நம்பி எடுக்காதீர்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன, நான்கும் வருடத்துக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. காசு கொடுத்துப் பார்க்காதீர்கள்.

இன்னொன்று, "சிபில் ஸ்கோரை 750 ஆக்கித் தருகிறோம்" என்று போனில் கூப்பிடுகிறவர்கள். உண்மையாக நடந்த தாமதத்தை யாராலும் அழிக்க முடியாது. தப்பாக ஏறியிருந்தால் நாமே ஆன்லைனில் இலவசமாகப் புகார் போடலாம், 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்குத் தர வேண்டும், 2024 ஏப்ரலிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. 'செட்டில்டு' என்பதை மாற்ற வேண்டுமென்றால் தள்ளுபடி செய்த மீதியைக் கட்டி, பாக்கி எதுவும் இல்லை என்கிற நோ டியூ சான்றிதழ் வாங்கி, 'க்ளோஸ்டு' என்று மாற்றி அனுப்பச் சொல்லி அந்த வங்கியிடமே கேட்க வேண்டும். எஃப்.டி. கார்டு அந்த வேலையைச் செய்யாது.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஆஸ்பத்திரிச் செலவுக்கு, ஸ்கூல் ஃபீஸுக்கு என்று ஒதுக்கிய பணத்தை மட்டும் இந்த டெபாசிட்டில் போட்டுவிடாதீர்கள், பாக்கியைக் கட்டி, கார்டை மூடி, லியனை எடுக்கிறவரை அது கைக்கு வராது.