மூடப்பட்ட பைக் ஷோரூமும் கட்டப்படாத வரியும்: வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

எங்கள் ஊர்ப் புறவழிச் சாலையில் பல ஆண்டுகளாக நடந்துவந்த இருசக்கர வாகன ஷோரூம் ஒன்று கடந்த பங்குனியில் மூடப்பட்டது. கடையை மூடியதற்காக உரிமையாளரை நான் குறை கூறவில்லை. வியாபாரம் நொடித்துப்போவது எவருக்கும் நேரக்கூடியது. ஆனால் நொடித்துப்போவது தெரிந்த பின்பும், கடைசி மாதங்களில் வந்த வாடிக்கையாளர்களிடம் ஆயுட்கால வரிக்கென்றும் (வண்டி வாங்கும்போது ஒரே முறையில் கட்டும் சாலை வரி) பதிவுக் கட்டணத்துக்கென்றும் பணம் வாங்கி, அதை அரசுக்குக் கட்டாமல் பழைய கடன்களை அடைக்கப் பயன்படுத்திக்கொண்டதை வியாபார நஷ்டம் என்று சொல்ல முடியாது. இது குறித்து நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரையும் வாகன நிறுவனத்தின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை.

தை மாதத்தில் அங்கே ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினேன். ஷோரூம் விலையின் பெரும்பகுதிக்கு நிதி நிறுவனத்தின் கடன்; மீதிக்கு என் பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்து, அதற்கு மேல் வரி, காப்பீடு, பதிவு, ‘ஹேண்ட்லிங்’ என்று அவர்கள் எழுதித் தந்த தொகையைக் கடையிலேயே செலுத்தினேன். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் புதிய இருசக்கர வாகனத்தின் விலை ஒரு லட்சம் ரூபாய் வரை இருந்தால் 10 விழுக்காடும், அதற்கு மேல் இருந்தால் 12 விழுக்காடும் ஆயுட்கால வரி. ஆகவே ஒவ்வொரு வண்டிக்கும் ஒன்பதாயிரம், பன்னிரண்டாயிரம் என்று அரசுக்குச் சேர வேண்டிய தொகை கடைக்காரர் கையில் சில நாட்கள் தங்குகிறது. நெருக்கடியில் இருக்கும் கடைக்காரர் முதலில் கைவைப்பது இந்தப் பணத்தில்தான்.

பதிவெண் வரும் முன்பே, ‘பதிவுக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்ற ஒட்டுத்தாளுடன் வண்டியைக் கொடுத்தார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 42ஆம் விதிப்படி, தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ பதிவு செய்யாத வாகனத்தை விற்பனையாளர் வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கவே கூடாது. பதிவு செய்யாத வண்டியைச் சாலையில் ஓட்டினால் அபராதம் ஓட்டுபவருக்கே விழும். அதைவிடப் பெரிய ஆபத்து காப்பீட்டில் இருக்கிறது: தற்காலிகப் பதிவு காலாவதியான பின்பு திருட்டுப்போன வாகனம் ஒன்றுக்கு இழப்பீடு தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2021 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. பிரீமியம் கட்டியிருந்தாலும் பதிவு இல்லாவிட்டால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க வழியுண்டு என்பதே இதன் பொருள்.

அதன்பின் நான் கேட்ட பதில்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. “சார், சர்வர் வேலை செய்யல, வர்ற வாரம் நம்பர் வந்துடும்” என்றார் மேலாளர். அடுத்து ஆய்வாளர் விடுப்பில் இருக்கிறார் என்றார்கள். அதற்கும் அடுத்து, நம்பர் பிளேட் அடித்து வர வேண்டும் என்றார்கள். வரி கட்டினால்தான் பதிவெண் ஒதுக்கப்படும், பதிவெண் ஒதுக்கிய பிறகுதான் உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட்டே அடிக்கப்படும் என்பதால், பதிவெண்ணே வராத நிலையில் அந்த மூன்றாவது பதில் பொய் என்பது தெளிவாயிற்று. இதற்கிடையே கடன் தவணை தொடங்கிவிட்டது. ஓட்ட முடியாமல் வீட்டில் நிற்கும் வண்டிக்கு மாதந்தோறும் டியூ கட்டினேன். ஷோரூமில் பார்வைக்கு நிறுத்தும் வண்டிகள் குறைந்துகொண்டே வந்தன, சர்வீஸ் பிரிவில் ஆயில் ஃபில்டர்கூட ‘ஆர்டர் போட்டிருக்கிறோம்’ என்ற நிலைக்கு வந்தது, பழைய ஊழியர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். ஒரு நாள் ஷட்டர் இறங்கியது, தொலைபேசியும் அணைந்தது.

கடை மூடிய பின்புதான் உண்மையான சிக்கல் துலங்கியது. பெயர்ப்பலகையில் நிறுவனத்தின் சின்னம் பெரிதாக இருந்தாலும் அது நேரடி டீலர் அல்ல, மாவட்டத் தலைநகரில் உள்ள டீலரின் கீழ் இயங்கிய சப் டீலர். சிறு ஊர்களில் நாம் ஷோரூம் என்று அழைப்பவற்றில் இப்படிப்பட்டவை நிறைய உண்டு. பதிவாகாத புதிய வாகனங்களைக் கையாள டீலருக்குத் தேவையான வணிகச் சான்றிதழும் (டிரேட் சர்ட்டிபிகேட்), பதிவுக்குத் தேவையான விற்பனைச் சான்றான 21ஆம் எண் படிவமும் முதன்மை டீலரிடமிருந்தே வர வேண்டும். நிதி நிறுவனம் கடன் தொகையை முதன்மை டீலரின் கணக்கில் செலுத்தியிருந்தது. நான் கடையில் கட்டிய தொகையோ சப் டீலரின் சொந்தக் கணக்கிலேயே நின்றுவிட்டது. முதன்மை டீலரிடம் போனபோது, “உங்க மீதிப் பணம் எங்களுக்கு வரவே இல்லையே சார்” என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவர்களுடைய பெயரில் பில் போட்டு, அவர்களுடைய வண்டியை, அவர்கள் நியமித்த ஆள் விற்ற பிறகு அது என் தலையில் விடிய வேண்டிய கணக்கு அல்ல.

வாகன நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்பிய புகார் ‘டீலருக்கு அனுப்பப்பட்டது’ என்ற குறிப்புடன் முடித்துவைக்கப்பட்டது. இங்கே சட்டமும் நமக்கு முழுத் துணையாக இல்லை. டீலர் தம் பொறுப்பில் வாங்கி விற்பவர் என்று ஒப்பந்தம் இருக்கும்போது, டீலரின் தவறு உற்பத்தியாளருக்குத் தெரிந்திருந்தது என்று காட்டாமல் உற்பத்தியாளரைப் பொறுப்பாக்க முடியாது என்று கார் விற்பனை தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021இல் கூறியிருக்கிறது. எனவே பதிவு தாமதமாகும்போதே நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் புகார் எழுதி எண் வாங்கிவிடுங்கள். ‘எங்களுக்குத் தெரியாது’ என்று அவர்கள் பின்னால் சொல்லாதபடி தடுக்க அந்த ஒரு காகிதம் உதவும்.

எனக்குப் பலன் தந்தது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுதிய மனுதான். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 41ஆவது பிரிவு, அதே மாநிலத்தில் பதிவாகும் புதிய வாகனத்துக்குப் பதிவு விண்ணப்பம் செய்யும் கடமையை டீலரிடமே ஒப்படைக்கிறது. தவறினால் ஆண்டு வரியின் 15 மடங்கு அல்லது ஆயுட்கால வரி, இவற்றில் எது அதிகமோ அதை டீலருக்கு அபராதமாக விதிக்க 192பி பிரிவு இடம் தருகிறது. இவ்விரண்டையும் குறிப்பிட்டு, பில்லின் நகலை இணைத்து மனு கொடுத்து, அதன் ஒப்புகையை முதன்மை டீலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிய பிறகே அங்கே அசைவு ஏற்பட்டது. வரித் தொகையை நானே மீண்டும் கட்டினால் பதிவு செய்து தருவதாகச் சொன்னார்கள். வேலைக்குப் போக வண்டி வேண்டியிருந்ததால், ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன், திரும்பப் பெறும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை’ என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு கட்டினேன். பதிவெண் வந்தது.

எக்ஸ்சேஞ்சில் கொடுத்த பழைய வண்டியின் கதை இன்னும் முடியவில்லை. அதை யாருக்கு விற்றார்கள் என்றே தெரியாத நிலையில், தலைக்கவசம் அணியாததற்கான ஆயிரம் ரூபாய் அபராதம் என் கைப்பேசிக்கு வந்தது. அபராதம் சிறிய விஷயம். அந்த வண்டி விபத்தில் சிக்கினால், பதிவுச் சான்றில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்பது 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த நிலைப்பாடு. பெயர் மாற்றத்துக்கான 29, 30ஆம் எண் படிவங்களில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதை வெறுமையாக விடுவது கடைகளின் வழக்கமாகிவிட்டது. பழைய வாகனங்களை வாங்கி விற்கும் டீலருக்கு அங்கீகாரச் சான்று வேண்டும் என்றும், வண்டியை ஒப்படைத்ததை 29சி படிவத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் 2023 ஏப்ரல் முதல் விதி நடைமுறையில் இருக்கிறது. அங்கீகாரம் இல்லாத கடையில் வண்டியை விடுவதைவிட, விலை இரண்டாயிரம் குறைந்தாலும் தெரிந்தவருக்கு விற்று, பெயர் மாற்றத்தை முடித்துக்கொள்வது மேல்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: பெயர்ப்பலகையைப் பார்க்காமல் பில்லில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள், அந்தப் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும் பணம் அனுப்புங்கள். வரி ரசீதைக் கண்ணால் பார்க்காமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். ‘நல்ல நாள் போய்விடும்’ என்று அவசரப்படுத்தினால் பூஜையை ஷோரூமிலேயே போட்டுக்கொள்ளலாம்.

ஏற்கெனவே பணம் கட்டிக் காத்திருப்பவர்கள் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்க 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அனுமதிக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை, காலவரம்பு இரண்டு ஆண்டுகள். ஒரே பாதிப்பு உள்ள பலர் ஆணையத்தின் அனுமதியுடன் கூட்டாகவும் தொடுக்க இயலும். எங்கள் ஊர்க் கடையில் பணம் கட்டியவர்கள் ரசீது, பில், வங்கிப் பரிமாற்ற விவரம் ஆகியவற்றின் நகல்களுடன் எனக்குத் தனிச்செய்தி அனுப்பினால், அடுத்த விசாரணைக்கு முன்பு அந்த அனுமதியைக் கோரும் மனுவில் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்கிறேன்.