ரொக்சானா கலியாணச் சித்திரம்: மட்டக்களப்பில் அச்சும் பிறேமும்

மாமன்னன் அலெக்சாந்தர் பாக்டிரியா நாட்டு ரொக்சானாவை மணந்தது கி.மு. 327இல். அந்தக் கலியாணத்தைக் காட்டும், இத்தாலிய ஓவியர் ரஃபேலின் காவிக்கல் சித்திரம் (1517 அளவில்) வியன்னாவின் அல்பெர்ட்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் பிரதியை மட்டக்களப்பு நகரில் அச்சிட்டுப் பிறேமும் போட்டுத் தரும் ஒரு கடையில் கொடுத்துப் பார்த்ததில், அச்சுக்குத் தாராளமாக நல்ல புள்ளி போடலாம். பிறேமை மட்டும் கடைக்காரர் வழக்கத்துக்கு விட்டுவிடாதீர்கள்.

மூலச் சித்திரம் ஏறத்தாழ 32 செ.மீ. அகலந்தான். ஏ3 தாளில் அதே அளவில் எடுத்தால் சுற்றிவர விளிம்பும் கிடைக்கும். 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) அகலவாட்டில் 3800 பிக்சல் வேண்டும். அதற்குக் குறைந்த கோப்பில் மெல்லிய கோடுகள் கலங்கிவிடும். சுவரை நிறைக்கவென்று பெருப்பிக்கவும் வேண்டாம். கை போன வேகம் கோட்டின் தடிப்பில்தான் தெரியும், பெருப்பித்தால் அது போய்விடும்.

நிறத்தில்தான் அதிகம் பிழைக்கும். மெசினின் தானியங்கி நிறத்திருத்தம் காவியைச் செம்மஞ்சளாக்கும். அதை நிறுத்தச் சொல்லுங்கள். கோப்பிலேயே பழந்தாளின் மங்கல் நிறம் இருப்பதால் மினுக்கமில்லாத வெள்ளைத் தாள் போதும். கிறீம் தாளில் அடித்தால் மஞ்சள் இரட்டிக்கும். மை பிக்மென்ட் (நிறத்துகள்) மையா என்று கேளுங்கள், சாய மை வெளிச்சத்தில் கெதியாக வெளிறும்.

உருவங்கள் ஆடையில்லாமல் இருக்கும். உடலமைப்பைச் சரிபார்த்துவிட்டு ஆடை போடுவது அந்தக்காலப் பட்டறை முறை. முன் ஹாலுக்கு வேண்டாமென்று சிலர் நினைக்கலாம், அது நியாயமே. ஆனால் கல்லடியில் சித்திரம் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது கடினம். ரொக்சானாவுக்கு மணிமுடியை நீட்டும் அரசன், அவனுடைய ஆயுதங்களோடு விளையாடும் குட்டித் தேவதைகள் எல்லாம், கிரேக்க எழுத்தாளர் லூசியன் வருணித்த, இன்று இல்லாத ஓர் ஓவியத்திலிருந்து வந்தவை.

இனிப் பிறேம். கடையில் கண்ணாடியைத் தாளோடு ஒட்டவைத்து, பின்னால் ஹாட்போட் அடித்து, செலோடேப்பால் மூடுகிறார்கள். வாவிக் காற்றுக்கு இது சரிவராது. மாரியில் ஈரம் ஏறித் தாள் கண்ணாடியில் ஒட்டினால் பிறகு கிழியாமல் எடுக்க ஏலாது. தாள் கண்ணாடியில் படாமல் இடையில் வைக்கும் அமிலமில்லாத அட்டைச் சட்டம் (மவுண்ட்) போடச் சொல்லுங்கள். தனிக்காசு கேட்டாலும் கொடுக்கலாம். தாளை மேல்விளிம்பில் இரண்டு சிறு காகிதப் பட்டையால் மட்டும் தொங்கவிட வேண்டும், நாலு பக்கமும் ஒட்டினால் ஈரத்தில் நெளியும். பசையைக் கொஞ்சமாகப் பூசுவது முக்கியம், மாப்பசைக்கு இராமபாணப் பூச்சி தேடி வரும். அச்சை ஒரு நாளாவது காயவிட்டே கண்ணாடி போட வேண்டும். அவசரப்பட்டால் உட்பக்கம் புகார் படியும்.

மழை அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். கீழ்மூலை இரண்டிலும் றப்பர்த் துண்டு ஒட்டினால் பின்னால் காற்று ஓடும். தை மாதம் கழிந்ததும் ஒருதரம் இறக்கி, பின்பலகையில் கறையோ பூச்சியோ இருக்கிறதா என்று பாருங்கள்.