பழனி மலைத்தொடர் ‘தம்பதியர் கிராமப் பயணம்’: முன்பணம் கட்டும் முன் படியுங்கள்

தம்பதிகளுக்கு மட்டும், அவசர ஓட்டமில்லாத கிராமப் பயணம், விறகடுப்புச் சமையல் என்று ஒரு விளம்பரம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நானும் என் வீட்டுக்காரரும் அதை நம்பிப் போய் ஏமாந்து வந்திருக்கிறோம்.

சொன்ன திட்டம் அருமையாக இருந்தது. முதலில் சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை வேலையைப் பார்ப்பது. அப்புறம் தாண்டிக்குடியில் ஒரு காப்பித் தோட்ட வீட்டில் தங்கி, வீட்டுக்கார அம்மாவோடு சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவது. கடைசியில் கொடைக்கானல் பக்கத்துப் பூம்பாறை கிராமத்துக் குழந்தை வேலப்பர் கோயில். ஆளுக்கு 9,000 ரூபாய், முழுவதும் முன்கூட்டியே.

வத்தலக்குண்டில் வந்து நின்ற வேனில் பாதிப் பேர் கல்லூரிப் பையன்கள். சின்னாளபட்டிக்குப் போகவே இல்லை. “தாண்டிக்குடி வீட்ல ஒரு துக்கம், நேரா கொடைக்கானல் போயிரலாம்” என்றார் டிரைவர். துக்கம் என்றதும் யார் மேலே கேட்பார்கள்? ஊருக்கு வந்தபின் விசாரித்து அந்த வீட்டாரிடமே பேசினோம். துக்கமும் இல்லை, எங்கள் பெயரில் புக்கிங்கும் இல்லை. அவர்கள் வீட்டுப் படத்தைக் கேட்காமலே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்த அம்மா எங்களைவிட அதிகமாக வருத்தப்பட்டார்.

விறகடுப்புச் சாப்பாடு என்றது ரோட்டோர மெஸ்ஸில் ஆறிப்போன சாம்பார். சாக்லேட் கடை, தைலக் கடை என்று டிரைவருக்குக் கமிஷன் வரும் இடங்களில் மணிக்கணக்காக நிறுத்தினார்கள். பூம்பாறையில் சாமி கும்பிட்டு வெளியே வருவதற்குள் ஹாரன். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு (அந்த வட்டாரத்தில் விளைந்ததற்கே அந்தப் பெயர் என்ற அரசு அங்கீகாரம்) கிடைத்தது, அதனால் நல்ல விலை. அவர்கள் கூட்டிப்போன கடையில் அந்தப் பெயரில் வாங்கியதைப் பூம்பாறை விவசாயி ஒருவரிடம் காட்டினோம். ஒரு பல்லை நசுக்கி மோந்துவிட்டு, “இது எங்க மண்ணுல விளைஞ்சதில்லம்மா” என்றார்.

மலைக்கு வண்டியில் போக ஆன்லைனில் எடுக்கும் அனுமதியான இ-பாஸுக்கு என்று ஆளுக்கு 300 ரூபாய் தனியாக வாங்கினார்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் உண்டு. ஆனால் அது இலவசம், வண்டிக்குத்தான் எடுக்க வேண்டும். இதற்கு யாராவது காசு கேட்டால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். தங்கப்போகும் வீட்டாரின் நம்பரைக் கேளுங்கள், அவர்களிடம் நேரடியாகப் பேசாமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம், நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறோம். இதே ஆட்களிடம் பணம் கட்டியவர்கள் ஜிபே ரசீதையும் விளம்பரப் படத்தையும் அழிக்காமல் வைத்து, நீங்களும் புகார் கொடுங்கள்.