கொழிஞ்சாம்பாறை சலூன்: அதட்டாத கடை

பஸ் ஸ்டாண்டுப் பக்கம், இரண்டே நாற்காலி, ஏசி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை போனால் காத்திருந்தே சலித்துப்போகும். ஆனாலும் என் பையனுக்கு இனி இந்தக் கடைதான்.

அவனுக்கு டூரெட், அதாவது தன்னை மீறி சத்தமும் அசைவும் வரும் நரம்புக் கோளாறு. தொண்டையைச் செருமுவான், திடீரென்று 'ஹப்' என்று கத்துவான், கூடவே தலை வெடுக்கென்று அசையும். வேண்டுமென்று செய்வதில்லை, தும்மல் மாதிரி உள்ளிருந்து முட்டிக்கொண்டு வரும். கொஞ்ச நேரம் அடக்கிப் பார்ப்பான், அப்புறம் சேர்த்து வரும். (கெட்ட வார்த்தை வருவது சிலருக்கு மட்டும்தான், எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.) 'சும்மா இருடா' என்று அதட்டினால் பதற்றத்தில் இன்னும் கூடும். முன்பு போன ஒரு கடையில் அதுதான் நடந்தது.

இங்கே முடி வெட்டும் அண்ணன் சத்தத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. இடது கையை அவன் நெற்றியில் லேசாக வைத்துக்கொள்கிறார். தலை அசையப் போவது விரலுக்குத் தெரிந்துவிடுமாம், உடனே கத்தரியைத் தூக்கிவிடுகிறார். காதோரம் சவரக்கத்தி வேண்டாம், ட்ரிம்மர் போதும் என்று அவரே சொன்னார். காத்திருந்த பெரியவர் ஒருவர் "பையனுக்கு என்னங்க?" என்றதற்கு, "ஒண்ணுமில்லைங்க, அவனுக்கு அப்படித்தான்" என்று அண்ணன் முடித்துவிட்டார்.

கூலி 150 ரூபாய். பின்கழுத்தில் வெட்டு கொஞ்சம் ஏற்ற இறக்கம்தான். டிவி சத்தத்தைக் குறைக்கலாம். வார நாளில் காலையில் போங்கள்.