ஒரே சிவிக், மூன்று எஞ்சின்

என்னுடைய 1994 ஹோண்டா சிவிக் ஈஜி (அந்தத் தலைமுறையின் குறியீடு) ஹாட்ச்பேக்கில் இப்போது இருப்பது மூன்றாவது எஞ்சின். எஞ்சின் மாற்றினேன் என்றால் எல்லோரும் கேட்பது எவ்வளவு பவர் என்றுதான். வளைவில் கார் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஆரம்பத்தில் நானும் அதை யோசிக்கவில்லை.

காரோடு வந்தது 1.5 லிட்டர் ஒற்றை கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு ஒன்றே உள்ள) எஞ்சின். நூறு குதிரைத்திறனை ஒட்டிய சாது, ஆனால் எடை குறைவு. ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்பினாலே காரின் மூக்கு திரும்பிவிடும். நான்கு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன் (சக்கரத்தை மேலும் கீழும் இரண்டு கைகள் பிடித்திருக்கும் அமைப்பு) என்பதால் சாலை கரடுமுரடாக இருந்தாலும் பிடி விடாது.

அதைக் கழற்றிவிட்டு, ஹோண்டாவின் இன்னொரு காரான பிரெலூடின் எச்22ஏ எஞ்சினை வைத்தேன். 2.2 லிட்டர், 200 குதிரைத்திறன். நேர் சாலையில் சிரிப்பை அடக்க முடியாது. வளைவு வந்தால்தான் வினை. கூடிய எடை முழுக்க மூக்கில் உட்கார்ந்துகொண்டது. ஸ்டீயரிங்கை ஒடித்தாலும் கார் நேராகப் போகவே பார்க்கும். போதாததற்கு, எனக்குக் கிடைத்த கியர்பாக்ஸில் எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றாமல் தடுக்கும் அமைப்பு) இல்லை. வளைவை விட்டு வெளியே வரும்போது ஆக்சிலேட்டரை மிதித்தால், பாரம் குறைந்த உட்பக்கச் சக்கரம் சும்மா சுற்றும். முன் டயர்களின் வெளி ஓரம் மட்டும் சீக்கிரமே மொட்டையானது.

முன்பக்கம் கெட்டியான ஸ்பிரிங் போட்டேன். மூக்கு குத்துவது குறைந்தது, திரும்ப மறுப்பது கூடியது! அப்புறம்தான் புரிந்தது, கை வைக்க வேண்டியது பின்னால் என்று. பின்பக்க ஆன்டி ரோல் பாரை (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) தடிமனாக்கியதும் கார் ஓரளவு வழிக்கு வந்தது. அதற்கும் ஒரு விலை உண்டு: மழையில், பாதி வளைவில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வால் வெளியே நழுவும்.

மூன்றாவது, ஹோண்டாவின் 2001 இன்டெக்ரா டைப் ஆர் காரின் கே20ஏ எஞ்சின். 220 குதிரைத்திறன் இருந்தும் எச்22-வை விட மூக்கு லேசு. கியர்பாக்ஸுக்குள்ளேயே ஹெலிகல் (பல்சக்கரங்களால் இயங்கும்) எல்எஸ்டி. ஆனால் முதல் சில வாரங்கள் முழு ஆக்சிலேட்டரில் ஸ்டீயரிங் வலப்பக்கம் இழுத்தது. பவர் அதிகம், அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பார்த்தால், பொருத்திய ஒர்க்‌ஷாப்பில் எஞ்சினைச் சற்றுச் சாய்த்து உட்கார வைத்திருக்கிறார்கள். சக்கரங்களைச் சுழற்றும் தண்டுகளான இரண்டு டிரைவ்ஷாஃப்ட்டும் வேறு வேறு கோணத்தில் சக்கரத்துக்குப் போயின. எஞ்சினைத் தாங்கும் மௌண்ட்டைச் சரிசெய்ததும் இழுப்பு பெரும்பாலும் போய்விட்டது. மிச்சம் இருப்பது எல்எஸ்டியின் குணம். சாலை சரிந்திருக்கும் பக்கம் மோப்பம் பிடித்துப் போகும். ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்காமல் இருந்தால் சரி.

இரண்டு வருடமாக இந்த அமைப்பில் ஓட்டுகிறேன். வளைவின் நடுவிலேயே ஆக்சிலேட்டரை மிதிக்கலாம், மூக்கு உள்ளேதான் இழுக்கும். ஆனாலும் முதல் எஞ்சினில் ஸ்டீயரிங் வழியாகக் கைக்கு வந்த அந்த உணர்வு இதில் முழுசாக இல்லை. ரப்பரை விடக் கெட்டியான பாலியூரித்தேன் மௌண்ட் என்பதால் சிக்னலில் நிற்கும்போது கண்ணாடி நடுங்குகிறது. எனக்குப் பழகிவிட்டது, வீட்டில் யாரும் ஏறுவதில்லை.