களியக்காவிளைக்காரர்களின் விமான நிலையம்

துபாயிலிருந்து திருவனந்தபுரம் வருகிறவர்கள் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, இடப்பக்க ஜன்னலைக் கேட்டு வாங்குங்கள் என்பதுதான். காற்று வடமேற்கிலிருந்து வீசும் நேரங்களில் விமானம் கரையை ஒட்டித் தெற்கே இறங்கி, விமான நிலையத்தையும் கடந்துபோய், விழிஞ்ஞத்துக்கு அப்பால் வட்டமடித்து 32 என்று எண்ணிட்ட ஓடுபாதை முனைக்கு முகம் திருப்புகிறது. தெற்கே போகும்போது அந்த ஜன்னலில் தும்பாவும் வேளிக் காயலும் தெரியும். 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பிய தும்பா அது. திரும்பிய பிறகு அதே ஜன்னலில் விழிஞ்ஞம் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர், கோவளத்தின் சிவப்பு வெள்ளைக் கலங்கரை விளக்கம், வலியதுறையின் பழைய கடற்பாலம். இந்த ஐப்பசியில் வந்தபோது பூந்துறைப் பக்கம் ஒரு வள்ளத்தில் நின்றவர் கண்ணுக்கு மேல் கையை வைத்து எங்களை அண்ணாந்து பார்ப்பது வரை தெரிந்தது. பத்தொன்பது ஆண்டுகளாக வருகிறேன். ஒருமுறைகூட அந்த ஜன்னலில் நான் கண்ணயர்ந்ததில்லை.

வந்தது எமிரேட்ஸின் போயிங் 777-300ஈஆர். அந்த விமானத்தை நான் நேசிப்பது அதன் இன்ஜினுக்காக. ஜிஈ90-115பி. முன்பக்க விசிறியின் விட்டம் மட்டும் 3.25 மீட்டர். போயிங் 737இன் உடற்பகுதி 3.76 மீட்டர்தான் அகலம் என்றால், ஒரு விமானமே ஏறக்குறைய நுழைந்துவிடும் அளவுக்கு ஓர் இன்ஜின். ஓடுபாதையில் அது முழுவிசைக்கு வரும்போது எழும் அந்த ரம்பம் அறுப்பது போன்ற முழக்கத்தை முதன்முறை கேட்ட நாள் இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் இருக்கை என்று வந்தால் 777 எனக்கு இரண்டாம் இடம்தான். வரிசைக்கு ஒன்பது பேர் என்று தொடங்கிய விமானத்தில் இப்போது பல நிறுவனங்கள் பத்துப் பேரை உட்கார வைக்கின்றன. தோள் அகலமானவர்கள் நடு இருக்கையில் மாட்டிக்கொண்டால் நான்கு மணி நேரமும் கையைக் கட்டிக்கொண்டுதான் வர வேண்டும்.

சின்ன விமானங்களில் என் வாக்கு ஏர்பஸ் ஏ320க்கு. அதன் உடற்பகுதி 3.95 மீட்டர் அகலம். 737ஐ விட ஒரு சாண் கூடுதல். ஆறு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு விரல் அகலம்தான் வரும் என்று சிலர் வாதம் செய்வார்கள். அந்த ஒரு விரல் எவ்வளவு பெரியது என்பதை நள்ளிரவில் ஏறி விடிகாலையில் இறங்கும் வளைகுடாத் தொழிலாளியிடம் கேட்டால் சொல்வார். டிக்கெட் எடுக்கும்போது எந்த வகை விமானம் என்பதைப் பாருங்கள். பதிவுப் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். விலையை மட்டும் பார்த்து எடுப்பவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தரையிறங்கியபின் சொல்ல அதிகமில்லை. பதிவு செய்துகொண்ட இந்தியக் குடிமக்களுக்கான தானியங்கி குடியேற்ற வாயில்கள் 2025 செப்டம்பரிலிருந்து திருவனந்தபுரத்திலும் இருக்கின்றன. முன்கூட்டியே இணையத்தில் விண்ணப்பித்து, விரல் ரேகையும் முகமும் பதிந்திருந்தால் வரிசையில் நிற்க வேண்டாம். ஊர்க்காரர்கள் இதைச் செய்து வைத்துக்கொள்ள வேண்டும். கட்டணம் இல்லை.

சாக்கையில் பன்னாட்டு முனையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே நான்குவழி பைபாஸ். முன்பெல்லாம் கரமனை, பாலராமபுரம், நெய்யாற்றின்கரை என்று ஒவ்வொரு சந்தியிலும் நின்று நின்று, எல்லையில் இருக்கும் எங்கள் களியக்காவிளை சேர்வதற்குள் விமானத்தில் தின்றது செரித்துவிடும். இப்போது கோவளம், முக்கோலை வழியாகக் காரோடு வரை ஒரே ஓட்டம். எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் வேலை இன்னும் முடியவில்லை. அங்கே வந்ததும் மச்சான் கியரைக் குறைத்துவிட்டு, "இனி மெல்லத்தான் போக வேண்டும் அத்தான்" என்றார். கேரளப் பதிவு வாடகைக் காரில் வருகிறவர்கள் தமிழ்நாட்டுக்குள் வரப் பெர்மிட் எடுத்தாயிற்றா என்று ஏறும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். களியக்காவிளையில் பெட்டியோடு நிற்பது பெரும்பாடு.

இப்போது நான் வாதாட விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் இப்போதெல்லாம் "கொச்சி போனால் டிக்கெட் மலிவு" என்பதுதான் பேச்சு. மலிவுதான், மறுக்கவில்லை. திருவனந்தபுரத்தில் 2024 ஜூலையில், நிலையம் பயணிகளிடம் வாங்கும் பயனாளர் மேம்பாட்டுக் கட்டணம் உயர்ந்தது. கிளம்புகிறவர் மட்டுமல்ல, வந்திறங்குகிறவரும் கட்ட வேண்டும் என்றானது. அது டிக்கெட் விலையில்தான் வந்து விழுகிறது. கொச்சியின் மேல் எனக்கு மதிப்பு மிக அதிகம். அரசு மட்டும் போட்ட பணத்தில் எழுந்ததல்ல அது. வெளிநாட்டில் உழைத்த ஆயிரக்கணக்கான மலையாளிகள் பங்குபோட்டு எழுப்பி, 1999இல் திறந்த நிலையம். 2015 ஆகஸ்டிலிருந்து முழுக்க முழுக்கச் சூரிய மின்சாரத்தில் ஓடுகிறது. உலகில் அப்படி இயங்கிய முதல் விமான நிலையம் அதுதான். அந்தச் சூரியத் தகடுகளுக்கு நடுவே காய்கறி விளைவிக்கிறார்கள்.

ஆனாலும் களியக்காவிளையிலிருந்து கொச்சி நிலையம் இருக்கும் நெடும்பாசேரி சுமார் 250 கிலோமீட்டர். முந்தின இரவே கிளம்ப வேண்டும். கார் வாடகை, வழிச் செலவு, கண்விழித்து ஓட்டும் ஆளின் ஆபத்து. இத்தனையும் கூட்டினால் மிச்சம் பிடித்த மூவாயிரம் ரூபாய் எங்கே போயிற்று என்று தேட வேண்டும். வழியனுப்ப வரும் வயதானவர்களை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொச்சி நிலையம் இரண்டு வாரம் மூடிக் கிடந்தபோது எத்தனையோ பேருக்குக் கைகொடுத்ததும் திருவனந்தபுரம்தான். நாம் ஆள் குறையக் குறைய விமானங்களும் குறையும். காலியாகப் பறக்க எந்த நிறுவனமும் விமானம் வாங்குவதில்லை.

அது நம்முடைய நிலையம் என்று நான் சொல்வது வெறும் பாசத்தால் அல்ல. 1932இல் கர்னல் கோதவர்ம ராஜாவின் முயற்சியால் அந்த மைதானம் அமைந்தபோதும், 1935இல் பம்பாயிலிருந்து டாடாவின் விமானம் வந்திறங்கியபோதும், எங்கள் விளவங்கோடு வட்டம் அதே திருவிதாங்கூரில்தான் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று எல்லைக் கோடு மாறியது. ஓடுபாதை அங்கேயே இருக்கிறது, நாங்களும் இங்கேயே இருக்கிறோம். 2005 ஏப்ரல் 29 அன்று ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் என்ற நிறுவனத்தின் முதல் விமானமே இங்கிருந்துதான் அபுதாபிக்குக் கிளம்பியது. வளைகுடாவுக்குக் குறைந்த விலையில் நேராகப் போகலாம் என்ற நிலை அன்று உண்டானது. அதற்கு முன் ஊருக்கு வர மூன்று ஆண்டு, நான்கு ஆண்டு காத்திருந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள்.

எனக்கு இந்தப் பித்து பிடித்தது சித்தப்பாவால். அவர் அந்த நிலையத்தில் ஒப்பந்தக்காரரிடம் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவர். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது சங்குமுகம் பக்கம் வேலியோரம் என்னை நிறுத்தி, "சக்கரத்தை எண்ணு மக்களே" என்றார். இந்தியன் ஏர்லைன்ஸின் ஏ320 ஒன்று ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. இறக்கைக்குக் கீழே காலுக்கு நான்காக எட்டுச் சக்கரங்கள். உலகத்தில் மற்ற ஏ320களுக்குக் காலுக்கு இரண்டுதான். நம் நாட்டில் பல ஓடுபாதைகள் பாரம் தாங்காதவை என்பதால் எடையைப் பரப்பி இறக்குவதற்காகக் கேட்டு வாங்கிய அமைப்பு அது. 1989இல் வரத் தொடங்கிய அந்த விமானங்கள் இப்போது பறப்பதில்லை. எத்தனையோ நாட்டு நிலையங்களில் ஏ320களைப் பார்த்துவிட்டேன். இன்றும் என் கண் முதலில் போவது சக்கரத்துக்குத்தான்.

அந்தச் சித்தப்பாவுக்கு இப்போது எழுபத்தாறு. முழங்கால் தேய்ந்துவிட்டது. நாற்பது ஆண்டு பிறர் பெட்டியை ஏற்றி இறக்கியவர் ஒருமுறைகூட விமானத்தில் ஏறியதில்லை என்பது எனக்கு இந்தப் பயணத்தில்தான் தெரியவந்தது. மகள் வீட்டுக்கு அவரை நானே உள்நாட்டு விமானத்தில் அழைத்துப் போனேன். வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். உள்நாட்டு முனையம் ஓடுபாதைக்கு மறுபக்கம், சங்குமுகத்தில். பன்னாட்டு முனையத்திலிருந்து அங்கே போகச் சாலையில் சுற்றித்தான் வர வேண்டும். உள்நாட்டு விமானங்களில் சில சாக்கையிலிருந்தும் கிளம்புகின்றன. டிக்கெட்டில் முனையத்தைப் பாருங்கள்.

சக்கர நாற்காலி வேண்டும் என்று மூன்று நாள் முன்பே பதிந்திருந்தேன். திருவனந்தபுரத்தில் வாசலிலிருந்து விமானத்தின் கதவு வரை ஓர் இளைஞர் தள்ளிக்கொண்டு வந்தார். சித்தப்பாவின் பழைய வேலை தெரிந்ததும் அவர் நேராகப் போகாமல், கண்ணாடிச் சுவர் ஓரம் நாற்காலியைத் திருப்பி நிறுத்தி, கீழே பெட்டி ஏற்றுவதை இரண்டு நிமிடம் பார்க்கவிட்டார். சித்தப்பா, "இப்போது ஓடும் பட்டையில் வைத்து ஏற்றுகிறார்கள். நாங்கள் வயிற்றில் அணைத்துத் தூக்குவோம்" என்று சொல்லித் தம் வலது உள்ளங்கையைத் தடவிக்கொண்டார். பெட்டியின் கைப்பிடி அறுத்த தழும்பு அங்கே குறுக்கே கிடக்கிறது.

போய் இறங்கிய ஊரில் நடந்ததைச் சொல்ல எனக்கு இன்னும் மனம் கொதிக்கிறது. விமானத்தைத் தொலைவில் நிறுத்தினார்கள். ஏரோபிரிட்ஜ் இல்லை. படி வைத்து, கீழே பஸ். எல்லோரும் இறங்கிப் போனபின்பும் எங்களை இருக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். நாற்காலி வரும், தூக்கி இறக்கும் வண்டி வரும் என்றார்கள். துப்புரவு செய்கிறவர்கள் வந்து எங்கள் காலடியைப் பெருக்கிவிட்டுப் போனார்கள். நாற்பது நிமிடம். பிறகு, "கொஞ்சம் மெல்ல இறங்கிவிட முடியுமா ஐயா?" என்று கேட்டார்கள். சித்தப்பா எழுந்துவிட்டார். பக்கக் கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, குழந்தையைப் போல ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து வைத்து இறங்கினார். நான் முன்னால் பின்பக்கமாக இறங்கினேன். மாற்றுத்திறனாளிகளுக்கான உதவியைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. 48 மணி நேரம் முன்பே தெரிவித்தால் போதும். நாங்கள் தெரிவித்திருந்தோம். எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். நீங்களும் இப்படி நேர்ந்தால் இருக்கை எண், நேரம், பதிவு எண் குறித்து வைத்துக்கொண்டு கட்டாயம் எழுதுங்கள். எவ்வளவு புதிய விமானம், எத்தனை ரூபாய் டிக்கெட் என்பதெல்லாம் அந்தக் கடைசிப் படியில் எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

திரும்பி வந்தது வேறு நிறுவனத்தில். நாற்காலி கதவடியிலேயே காத்திருந்தது. சித்தப்பாவுக்கு இடப்பக்க ஜன்னல் வாங்கியிருந்தேன். 2025 ஜூன் 14 முதல் ஜூலை 22 வரை பிரிட்டன் கடற்படையின் எஃப்-35 போர்விமானம் பழுதாகி நின்ற இடத்தை எனக்குக் காட்டினார். அப்போது நாள்தோறும் தொலைபேசியில் கூப்பிட்டு, "மழையில் நனைகிறது மக்களே, பாவம்" என்று சொன்னவர் அவர்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு ஐப்பசி ஆராட்டு. பத்மநாபசுவாமி கடலாடப் போகும் வழி அந்த ஓடுபாதையைக் கடந்துதான் போகிறது. நிலையம் வருமுன்பே இருந்த வழி. ஆண்டுக்கு இரண்டு முறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், ஊர்வலத்துக்காக நான்கைந்து மணி நேரம் ஓடுபாதையை மூடுகிறார்கள். விமானிகளுக்கு முறைப்படி அறிவிப்புப் போகிறது. விமான நேரங்கள் மாறுகின்றன. அந்த நாளில் டிக்கெட் எடுத்தவர்கள் நேரத்தைச் சரிபார்க்க வேண்டும். உலகப் படத்தில் இருக்கும் ஒரு பன்னாட்டு ஓடுபாதை யானைக்கும் வாளேந்திய அரச குடும்பத் தலைவருக்கும் வழிவிட்டு நிற்பதை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

சங்குமுகத்தில் சித்தப்பாவைக் கடலோரத் திண்டில் உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். ஆராட்டு முடிந்து தீவட்டிகள் திரும்பிப் போயின. மேளம் மெல்ல ஓய்ந்தது. மதிலுக்கு அப்பால் மஞ்சள் விளக்குச் சுழல ஒரு வண்டி ஓடுபாதையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஊர்ந்து போயிற்று.

"ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது சித்தப்பா?"

"பூ, நார், ஆணி, எது கிடந்தாலும் இன்ஜின் உறிஞ்சிவிடும். ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும்."

வண்டி திரும்பி வந்தது. ஓடுபாதை விளக்குகள் வரிசையாக எரிந்தன. கோவளத்துப் பக்கம், கடலுக்கு மேலே, ஒரு வெள்ளை ஒளி அசையாமல் நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பெரிதாகிக்கொண்டு வந்தது.